100/90 போடும் முன் ஹோல்டரில் மீட்டர் வையுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. திண்டுக்கல்லில் வேலை, இரவு பத்தரைக்கு ஷிஃப்ட் முடிந்து நத்தம் சாலையில் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது, எதிரே லாரி வந்தால் சாலையே தெரிவதில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 100/90 வாட் பல்ப் போடச் சொல்கிறார்கள், நண்பர் எல்.இ.டி. போடச் சொல்கிறார். எதைப் போடலாம்?

தம்பி, பல்ப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் வண்டியில் இப்போது இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்ப், 60/55 வாட். பிரைட்டில் 60, டிம்மில் 55. அது ஒன்றும் சோப்ளாங்கி பல்ப் இல்லை. 13.2 வோல்ட் கிடைத்தால் டிம்மில் சுமார் 1000 லூமனும் (லூமன் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) பிரைட்டில் சுமார் 1650 லூமனும் தர வேண்டும் என்பது அந்த வகைக்கு வகுத்திருக்கிற சர்வதேச அளவு. 35/35 வாட் எச்எஸ்1 பல்ப் போட்டு வரும் சின்ன வண்டிகளுக்கு அதே 13.2 வோல்ட்டில் 525, 825 லூமன்தான். அதை வைத்துக்கொண்டே ராத்திரியில் எத்தனையோ பேர் ஊர் போய்ச் சேருகிறார்கள். கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் தெரியவில்லை என்றால் அந்த வெளிச்சம் வழியில் எங்கோ தொலைகிறது. எங்கே தொலைகிறது என்று பார்க்காமல் பெரிய பல்பைப் போட்டால் அதுவும் அதே இடத்தில்தான் தொலையும்.

முதலில் செலவில்லாத விஷயங்கள். ஹெல்மெட் வைசரைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய கீறல்கள் சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் எதிரே வரும் லாரி வெளிச்சம் முழுவதையும் அதுவே உங்கள் கண்ணில் இறைக்கிறது; வைசரை மாற்றிவிடுங்கள். என் பட்டறைக்கு வருகிறவர்கள் நேர்காணலுக்கு வருவது மாதிரி வண்டியைப் பளபளவென்று துடைத்துக் கொண்டுவருவார்கள், வைசர் மட்டும் ஐந்து வருடப் பழசாக இருக்கும். அடுத்து ஹெட்லைட் கண்ணாடி. மழை விட்ட ராத்திரி ஈசல் அடித்து அப்பியிருக்கும், காலையில் யாரும் துடைப்பதில்லை. கழுவுங்கள். பிறகு பல்பைக் கழற்றி ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பால் படர்ந்த மாதிரியோ கறுத்தோ இருந்தால் ரிஃப்ளெக்டரையே மாற்ற வேண்டியதுதான், எந்தப் பல்பும் அதைக் காப்பாற்றாது. தூசிதானே என்று துணி விட்டுத் துடைத்துவிடாதீர்கள். அந்த வெள்ளிப் பூச்சு மெல்லிய அலுமினியப் படலம், ஒரு தேய்ப்பிலேயே கீறல் விழும்.

இனி மீட்டர். சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் பிடித்தபடி பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். 13.8-லிருந்து 14.4-க்குள் காட்டினால் சார்ஜிங் சரி. இப்போது ஹெட்லைட் ரிம்மைக் கழற்றி, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே, ஹோல்டரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் மீட்டர் ஊசியைச் செருகி அளவெடுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் 13.8 வோல்ட்டும் அப்படியே காட்டும், ஏமாந்துபோவீர்கள். மின்சாரம் ஓடும்போதுதான் ஒயரின் குட்டு வெளிப்படும்.

பத்து வருடம் ஓடிய வண்டிகளில், எந்தக் கம்பெனி ஆனாலும், 12 வோல்ட்டோ அதற்கும் கீழேயோ நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பேட்டரியில் 13.8, பல்பில் 12. வெறும் 1.8 வோல்ட்தானே போகிறது, போகட்டும் என்று தோன்றும். ஹாலஜன் பல்பின் குணமே வேறு. வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதே விகிதத்தில் குறையாது, தோராயமாக வோல்ட்டின் 3.4 அடுக்குக் கணக்கில் சரியும். 13.8 வோல்ட்டில் கிடைக்கும் வெளிச்சத்தை 100 என்று வைத்தால் 12 வோல்ட்டில் 62தான். வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு குறையும்போது வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. பல்ப் மஞ்சளாக, அழுது வடிகிற மாதிரி தெரிவதும் இதனால்தான். இழை வேண்டிய சூடேறுவதில்லை.

அந்த 1.8 வோல்ட் எங்கே போனது என்று கண்டுபிடிப்பதும் லேசுதான். மீட்டரின் ஒரு ஊசி பேட்டரியின் நெகட்டிவில், மற்றது ஹோல்டரின் எர்த் ஒயரில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த ஒயர் போய்ச் சேரும் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினாலே பாதி வேலை முடியும். இதே மாதிரி பாசிட்டிவ் பக்கம்: பேட்டரி பாசிட்டிவில் ஒன்று, ஹோல்டரின் டிம் முனையில் ஒன்று. இங்கேதான் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் சாவி சுவிட்ச், ஹெட்லைட் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச், நடுவில் நாலைந்து கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் சொருகி) என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் பல்புக்கு வருகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் செம்பில் களிம்பு ஏறியிருக்கும். கப்ளரைப் பிரித்துப் பாருங்கள், பச்சையாகப் பூத்திருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வரி வசூல் பண்ணிக்கொண்டுதான் விடுகிறது.

இதற்கு மருந்து ரிலே. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் அது. பழைய ஒயரிங்கிடம் பல்பை எரிக்கும் வேலையை வாங்காமல் சுவிட்ச் போடும் வேலையை மட்டும் வாங்குவது, அவ்வளவுதான். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு தடித்த ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹோல்டரில் வந்துகொண்டிருந்த டிம் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பிரைட் ரிலேக்கும் இதே கதை. பல்பின் எர்த்தையும் புது ஒயரில் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விடுங்கள், சேஸிஸை நம்ப வேண்டாம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஹெட்லைட் பக்கத்தில் ஃபியூஸ் போட்டால், டேங்குக்கு அடியில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும் நாளில் அது சும்மா வேடிக்கை பார்க்கும். ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்., பல இழை உள்ள ஆட்டோ ஒயர்தான் வேண்டும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பியைப் போட்டுவிடாதீர்கள், வண்டி அதிர்வில் ஒருநாள் பட்டென்று முறியும். கட்டி முடித்ததும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், எங்கேயும் ஒயர் இழுபடக்கூடாது.

எச்4 ஹோல்டரோடு ரெடிமேடாகவே இந்த ரிலே கிட் கிடைக்கிறது, பழைய ஒயர் எதையும் வெட்ட வேண்டியதில்லை. நாளைக்கு வேண்டாமென்றால் பிடுங்கிவிட்டுப் பழையபடி சொருகிக்கொள்ளலாம். ஒயரிங் கடையில் செய்தால் ஒரு மணி நேர வேலை. முடித்தபிறகு ஹோல்டரில் மறுபடி மீட்டர் வையுங்கள். 13.5 வோல்ட் வந்துவிட்டால், அதே பழைய 60/55 பல்பு முன்பைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம் தரும். பல்ப் மாற்றாமல் வண்டியைக் கொடுத்தால், "அண்ணே, என்ன பல்ப் போட்டீங்க" என்று கேட்பவர்கள் உண்டு.

சரி, கடைக்காரர் சொன்ன 100/90. அதைப் பழைய ஒயரிங்கில் அப்படியே போட்டால் என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 வாட்டுக்கு உங்கள் ஒயரில் 1.8 வோல்ட் இழப்பு என்றால் அந்த வழியில் சுமார் 0.4 ஓம் தடை இருக்கிறது. 90 வாட் பல்ப் இழுக்கும் மின்சாரம் நாலரை ஆம்பியரிலிருந்து ஏழுக்கு ஏறும். இழப்பு 2.7 வோல்ட் ஆகிவிடும், பல்புக்குக் கிடைப்பது 11.1. போட்ட காசில் நல்ல பங்கு அங்கேயே போச்சு. பாக்கி கதைதான் விபரீதம். ஒயரிலும் சுவிட்சிலும் வெப்பமாக வீணாவது முன்பு 8 வாட், இப்போது 18 வாட்டுக்கு மேல். ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அதை உங்கள் ஹேண்டில்பார் சுவிட்சுக்கும் ஹோல்டருக்கும் பங்குபோட்டுச் செருகிவைத்த மாதிரி.

என் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. ஓட்டிவந்தவர் சொன்ன புகார், "டிம் எரியுது, பிரைட் போனா எல்லாம் அணைஞ்சுடுது." ரிம்மைக் கழற்றியதுமே வாடை வந்துவிட்டது. ஹோல்டர் பழுப்பேறி, ஒரு மூலை வெல்லப்பாகு மாதிரி வழிந்து உறைந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளைக் கிளிப் தன் இறுக்கத்தை இழந்து பல்பின் காலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கிளிப் தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கிளிப் இன்னும் தளரும். அவருக்கு வேறொரு கடையில் 100/90 போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஹோல்டர், சுவிட்ச், ஒயர் எல்லாம் சேர்த்து மாற்ற, பல்பு விலையைப்போலப் பல மடங்கு ஆனது.

ரிலே போட்டு, பீங்கான் ஹோல்டர் போட்டு 100/90 எரிப்பவர்கள் இருக்கிறார்கள், எரியும். ஆனால் வாகன பல்புகளுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 37-இல் 12 வோல்ட் எச்4-க்கு இருப்பது 60/55 மட்டும்தான். 100/90 எல்லாம் பொதுச் சாலைக்கு வெளியே, ராலி மாதிரி இடங்களுக்கென்று வருபவை. பேட்டரி மேல் கூடுதலாக விழும் முப்பத்தைந்து நாற்பது வாட்டை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட் காயில் தாங்க வேண்டும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது அது திணறும். எதிரே வருகிறவருக்குக் கூசுவதும் கூடுகிறது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், நான் போட மாட்டேன்.

ரிலே போட்டபிறகும் கொஞ்சம் கூடுதல் வேண்டும் என்றால், அதே 60/55 வாட்டிலேயே பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்றவர்கள் தரும் உயர்ரக ஹாலஜன் ஒன்றை வாங்குங்கள். எக்ஸ்ட்ரீம்விஷன், நைட் பிரேக்கர் என்கிற பெயர்களில் வருபவை. இழை இன்னும் சிறிதாக, துல்லியமாக இருக்கும், அதனால் வெளிச்சம் ஓரிடத்தில் குவியும். ஆயுள் குறைவு என்பது அதன் விலை. நூறு சதவீதம், நூற்றைம்பது சதவீதம் என்று அட்டையில் போட்டிருப்பதைச் சாலை முழுவதும் அவ்வளவு கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒளிக்கற்றையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அளந்த கணக்கு அது. நீலம் பூசிய ஹாலஜன் பல்ப் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அந்தப் பூச்சு இருக்கிற வெளிச்சத்தை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. எதை வாங்கினாலும் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கை எண்ணெய் ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறிப் பல்ப் சீக்கிரம் போகும்.

இப்போது எல்.இ.டி. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் எச்4 பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை. டிம் இழைக்குக் கீழே குட்டிக் கரண்டி மாதிரி ஒரு உலோகத் தகடு இருக்கும். டிம் போடும்போது கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை அந்தக் கரண்டி மறைத்துவிடுகிறது. ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தைச் சாலையை நோக்கி இறக்குகிறது. லாரி டிரைவர் கண்ணுக்குப் போகாமல் தடுப்பது அந்தக் கரண்டியும் இழை நிற்கிற இடமும்தான். இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் கணக்கு மாறும். எல்.இ.டி. பல்பில் இழைக்குப் பதில் தட்டையான சில்லுகள், நடுவில் தடித்த உலோகத் தண்டு, அதன் இரண்டு பக்கமும் வெளிச்சம். சில்லு சரியாக இழையின் இடத்தில், மெல்லிய தண்டில் அமைந்தால் ஓரளவு ஒத்துப்போகும். சந்தையில் கிடைக்கும் மலிவு சரக்கில் அப்படி அமைவது அபூர்வம். வெளிச்சம் மரக்கிளைக்கும் மைல்கல்லுக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகும், சாலையில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொட்டும். பக்கத்தில் பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கும், தூரம் இன்னும் இருட்டாகும். ஓட்டுகிறவருக்கோ "செம வெளிச்சம்" என்று தோன்றும். கூடுதல் வெளிச்சத்தில் குறைவாகப் பார்க்கிற இந்த விசித்திரத்தை நானே ஒரு மாதம் அனுபவித்துவிட்டுக் கழற்றியிருக்கிறேன்.

ஜெர்மனியில் 2020-லிருந்து சில எல்.இ.டி. மாற்றுப் பல்புகளை அனுமதிக்கிறார்கள். ஆனால் எந்த வண்டி மாடலின் எந்த ஹெட்லைட்டில் போடலாம் என்று பட்டியலோடுதான். ஒவ்வொரு ரிஃப்ளெக்டரிலும் சோதித்தபிறகே அனுமதி என்றால், பெட்டிமேல் "எல்லா வண்டிக்கும்" என்று எழுதியிருப்பதை எவ்வளவு நம்புவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 20,000 லூமன் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். அம்மீட்டரில் அளந்தால் இரண்டு ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். ஒரு வாட்டுக்குத் தாராளமாக 100 லூமன் என்று வைத்தாலும் 2,400. மிச்சம் 17,600 அட்டைப்பெட்டியில் மட்டும்தான். அப்புறம் சூடு. கிளாசிக்கின் ஹெட்லைட் கூட்டுக்குள் ஏற்கெனவே ஒயர் அடைந்து கிடக்கிறது, காற்றோட்டம் இல்லை. எல்.இ.டி.யின் பின்பக்க விசிறிக்கு அங்கே மூச்சு முட்டும். போட்ட முதல் நிமிடம் இருக்கும் வெளிச்சம் பத்து நிமிடம் கழித்து இருக்காது.

எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் பல்பை விட்டுவிட்டு முழு ஹெட்லைட்டையும் மாற்றுங்கள். உங்கள் வண்டிக்கு ஏழு அங்குல வட்ட அளவு, அந்த அளவில் எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த யூனிட்கள் வருகின்றன. கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரையோடு அம்புக்குறி ஒன்று இருந்து, எதிரே நின்று பார்க்கும் உங்களுக்கு அது வலப்பக்கம் காட்டினால் அது நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இரண்டு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் ஆகும். கார் வகை ஹெட்லைட்டில் அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது, எதிரே வருகிறவர் பக்கம்தான் வெளிச்சத்தைத் தூக்கும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 106-இன்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்பக்கம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால் அதைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். முன்பெல்லாம் போலீஸார் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், ஞாபகம் இருக்கும். நோக்கம் இதுதான், வைத்தியம்தான் கரடுமுரடு.

கடைசியில் ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. சமதளத்தில், சுவரிலிருந்து சரியாகப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள், ஸ்டாண்டில் வேண்டாம். ஹெட்லைட் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நடுப்புள்ளி 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 15 சென்டிமீட்டர் இறங்கும் வெளிச்சம் 60 மீட்டரில் தரையைத் தொடும். 30 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 30 மீட்டரிலேயே முடிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது பார்த்து, பிரேக் பிடித்து, நிற்க ஐம்பது மீட்டருக்கு மேல் ஆகும். ஹெட்லைட் குனிந்திருந்தால் உலகத்தின் எந்தப் பல்பும் உங்களுக்கு உதவாது. 80-இல் போனால் நிற்க எண்பது மீட்டர் வேண்டும், அவ்வளவு தூரத்துக்கு டிம்மை நம்ப முடியாது, அது வேறு விஷயம்.

பின்னால் யாரையாவது ஏற்றிக்கொண்டு போவீர்களென்றால் அவரையும் உட்கார வைத்து ஒருமுறை பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் விளிம்பு கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிடும், எதிரே வருகிறவர் உங்களுக்குப் பிரைட் அடித்துக்காட்டுவது அதனால்தான். வீட்டில் தினமும் இருவராகப் போகும் வண்டியென்றால் இருவரை வைத்தே அளவை வையுங்கள்.

இதைப் படிக்கும் பழைய 100 சி.சி. வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் ஹெட்லைட் கூடி, விட்டால் மங்குகிறதா? அப்படியென்றால் உங்கள் ஹெட்லைட் பேட்டரியில் இல்லை, மேக்னெட் காயிலின் ஏ.சி. மின்சாரத்தில் நேராக எரிகிறது. மேலே சொன்ன ரிலே இணைப்பு அதற்கு ஒத்துவராது, எல்.இ.டி. போட்டால் மினுக்கும் அல்லது போய்விடும். டி.சி.க்கு மாற்றுவது தனி வேலை. எச்எஸ்1 ஹோல்டரில் எச்4 பல்பின் காதுகளை அரத்தால் தேய்த்துச் செருகுவதும் வேண்டாம்; பல்ப் கோணலாக உட்காரும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உருகும்.

உங்கள் வண்டிக்கு வரிசை இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டர், சாயங்காலம் இருட்டியதும் சுவர். ஹோல்டரில் 13-க்கு மேல் வந்தால் ரிலே வேண்டாம், நல்ல 60/55 பல்ப் ஒன்றும் சாக்பீஸும் போதும். 12.5-க்குக் கீழே என்றால் முதலில் ரிலே. நடுவில் இருந்தால் எர்த்தையும் கப்ளர்களையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கழற்றிய பழைய பல்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துணியில் சுற்றி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள், இரவு பதினொரு மணிக்கு நத்தம் சாலையில் பல்ப் கடை திறந்திருக்காது.